கூரியரில் வந்த கூமுட்டைகள்: அடைமுட்டை வாங்குவோர் கவனத்துக்கு

பெருவிடை என்ற பெரிய நாட்டுக்கோழி வகையின் சேவல் படத்தைப் போட்டு, "கருவுள்ள அடைமுட்டை, தமிழ்நாடு முழுவதும் கூரியர் வசதி, 80 சதவீதம் பொரிப்பு உத்தரவாதம்" என்று கைப்பேசியில் விளம்பரம் செய்யும் ஒருவரிடம் நானும் என் மைனியும் சேர்ந்து 3,900 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறோம். பணம் போனதைக் காட்டிலும், முட்டைகள் ஏன் பொரிக்கவில்லை என்று கேட்டபோது, கூரியர் குலுக்கலில் கரு அழிந்துவிட்டது என்று அவர் சொன்ன பதில்தான் என்னை எழுத வைக்கிறது. அந்தப் பதிலில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை மறைப்பாக வைத்துக்கொண்டுதான் இப்படிப்பட்டவர்கள் வியாபாரம் செய்கிறார்கள்.

கூரியரில் வரும் முட்டை வீட்டு முட்டையைப் போலப் பொரிக்காது என்பதுதான் அந்தப் பாதி உண்மை. வண்டிக் குலுக்கலில் முட்டையின் அகன்ற முனையில் இருக்கும் காற்றறையின் உள்சவ்வு விலகி, காற்று உள்ளே இடம் மாறி அலையும். மூடிய வண்டிக்குள் சூடு ஏறினால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பிறகு நின்று செத்துப்போகும். பாதி பொரித்தாலே நல்ல விளைச்சல் என்று பழகியவர்கள் சொல்வார்கள். எங்களுக்கும் அது தெரியும். அந்த இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் வாங்கினோம்.

திருவட்டாறு பக்கத்தில் எங்கள் வீடு. சுற்றிலும் தென்னையும் கொஞ்சம் ரப்பரும். கோழிகள் அதற்குள் மேய்கின்றன. இருப்பவை எல்லாம் சிறுவிடை என்ற சிறிய நாட்டுக்கோழிகள். நல்ல பெருவிடை இரத்தம் கொஞ்சம் சேர வேண்டும் என்பது மைனியின் நெடுநாள் ஆசை. விற்றவர் வடக்கே வேறு மாவட்டத்துக்காரர். "அக்கா, ஜாபுவாவிலிருந்து கொண்டுவந்த அசல் கடக்நாத்தும் இருக்கிறது, அதிலும் பத்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். மத்தியப் பிரதேசத்தின் அந்தக் கருங்கோழிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதன் பெயரைச் சொல்லி விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். பெருவிடை முட்டை 150 ரூபாய் வீதம் இருபது, கடக்நாத் 50 ரூபாய் வீதம் பத்து, கூரியருக்கு 400. முழுப் பணமும் முன்கூட்டியே அனுப்பினோம். திங்கட்கிழமை அனுப்பச் சொல்லியிருந்தோம். அவர் வெள்ளிக்கிழமை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பெட்டி மார்த்தாண்டத்தில் பூட்டிய கூரியர் அலுவலகத்துக்குள் கிடந்தது.

பெட்டியைத் திறப்பதிலிருந்து எல்லாவற்றையும் காணொளியாக எடுத்து வைத்தேன். முப்பதில் இரண்டு உடைந்திருந்தன. ஒன்று முழுக்கக் கசிந்துவிட்டது. மற்றது விரிசலோடு தப்பியிருந்தது. அதன் மேல் 'க' என்று எழுதியிருந்தது, அதாவது கடக்நாத். எடை போட்டால் 58 கிராம். கடக்நாத் முட்டை ஏறத்தாழ 45 கிராம்தான் இருக்கும். அடைவைக்கும் முட்டையின் ஓட்டை நனைக்கக் கூடாது, மேலே இருக்கும் காப்புப் படலம் போய்விடும். இது எப்படியும் உதவாது என்பதால் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். பழுப்புச் சாயம் துணியில் ஏறியது. உள்ளே பளிச்சென்ற வெள்ளை ஓடு. பண்ணை வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாற்றில் ஊறவைத்து நாட்டுமுட்டை என்று விற்கும் பழைய வேலைதான் இது. தட்டில் உடைத்து ஊற்றினால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடியது, அதாவது பழைய முட்டை.

மீதி இருபத்தெட்டையும் இருட்டில் டார்ச் வைத்துப் பார்த்தேன். இட்டு ஓரிரு நாள் ஆன முட்டையில் காற்றறை சுமார் 3 மில்லிமீட்டர் ஆழமே இருக்கும். நாளாக ஆக உள்ளே நீர் வற்றி அது பெரிதாகும். இவற்றில் பலவற்றில் விரல் நகத்தின் அகலத்துக்குக் காற்றறை இறங்கியிருந்தது. "நேற்றும் இன்றும் இட்ட முட்டை" என்று அவர் சொன்னது பொய் என்பது அப்போதே தெரிந்தது. பென்சிலால் காற்றறையின் விளிம்பைக் குறித்துப் படம் எடுத்தேன். பிறகு கூரான முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் அசைக்காமல் வைத்தேன். கூரியரில் வந்த முட்டைக்கு இந்த ஓய்வு அவசியம். அலைகிற காற்றறை ஓரளவாவது நிலைக்கு வரும்.

பதினெட்டை எங்கள் இன்குபேட்டரில் வைத்தோம். அதே பெட்டியில், அதே நாளில், எங்கள் சிறுவிடைக் கோழிகளின் பன்னிரண்டு முட்டைகளையும் வைத்தேன். மீதிப் பத்தை மைனியின் அடைக்கோழிக்கு வைத்தோம். இன்குபேட்டர் விசிறி உள்ளது, வெப்பம் 37.5 டிகிரி. 2017-இல் ஒக்கி புயல் அடித்து நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த பிறகு, மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல் நான் அடைவைப்பதில்லை.

ஏழாம் நாள் மறுபடியும் வெளிச்சத்தில் பார்த்தபோது, வந்த இருபத்தெட்டில் இருபத்தொன்று வெறுமையாகத் தெரிந்தன. ஐந்தில் ரத்த வளையம். கரு சில நாள் வளர்ந்து செத்தால் ரத்தம் ஒதுங்கி இப்படி வளையமாக நிற்கும். இரண்டில் மட்டும் உயிர் ஓடியது. எங்கள் வீட்டு முட்டைகளில் நரம்புகள் சிலந்தி வலைபோல விரிந்திருந்தன. 21-ஆம் நாள் அந்தப் பன்னிரண்டில் பத்து பொரித்தன.

மைனியின் கோழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அடையில் இருக்கும் கோழி நாளுக்கு ஒருமுறைதான் இரைக்கு இறங்கும். எடை குறையும், கொண்டை வெளிறும். குஞ்சுக்காக அது தன் உடம்பைக் கரைக்கிறது. பத்து முட்டையில் ஒன்றுதான் தேறும் என்று தெரிந்தும், அந்த ஒன்றுக்காக மைனி அதை எழுப்பவில்லை. அந்தக் கோழி அடையில் கரைந்ததற்கும் சேர்த்துத்தான் எனக்குக் கோபம்.

விற்றவரை அழைத்தேன். முதலில், "மெஷின் சரியில்லை அக்கா" என்றார். அதே மெஷினில் எங்கள் முட்டைகள் வளர்வதைக் காட்டினேன். அடுத்து, "உங்கள் கன்னியாகுமரியில் ஈரப்பதம் அதிகம், அதனால்தான்" என்றார். இதைக் கேட்டுப் பலர் நம்பிவிடக்கூடும். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. காற்றில் ஈரம் இருப்பது உண்மை. மழைக்காலத்தில் இன்குபேட்டருக்குள் தண்ணீரைக் குறைத்துத்தான் வைப்போம். ஆனால் ஈரப்பதம் கூடினால் நடப்பது வேறு. 18 நாளில் முட்டையின் எடை 11 முதல் 13 சதவீதம் குறைய வேண்டும். குறையாவிட்டால், முழுதாக வளர்ந்த குஞ்சு கடைசி நேரத்தில் ஓட்டுக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும். ஏழாம் நாள் முட்டை வெறுமையாக இருப்பதற்கும் ஈரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கடைசியில் அவர் பிடித்துக்கொண்டது கூரியரை. "குலுக்கலில் கரு அழிந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்வேன்?" இந்த இடத்தில்தான் வாங்குபவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். தயவுசெய்து அடங்கிப் போகாதீர்கள். கூரியர் கெடுத்ததா, விற்றவர் ஏமாற்றினாரா என்பதை முட்டையே சொல்லும்.

ஏழாம் நாள் வெறுமையாகத் தெரிந்த முட்டைகளை எறிந்துவிடாமல் ஒவ்வொன்றாகத் தட்டில் உடைத்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் மட்டும் பார்த்து முடிவுகட்டக் கூடாது, மிகத் தொடக்கத்திலேயே செத்த கருவும் டார்ச்சில் வெறுமையாகத்தான் தெரியும். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெண்புள்ளி எல்லா முட்டையிலும் உண்டு. சேவல் சேராத முட்டையில் அது சிறியதாக, அடர்ந்து, ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும். கருவுற்ற முட்டையில் அது அகன்று, வளையம் வளையமாகத் தெரியும். கொஞ்சம் வளர்ந்து செத்திருந்தால் படலம் விரிந்த தடமோ ரத்தக் கறையோ இருக்கும். குலுக்கலும் சூடும் கருவைக் கொல்லும். கொன்ற அடையாளம் அதில் தங்கும். கருவுற்ற முட்டையைக் கருவே சேராத முட்டையாக மாற்ற எந்தக் கூரியராலும் முடியாது.

எங்கள் இருபத்தொன்றில் பத்தொன்பதில் அந்தச் சிறிய அடர்ந்த புள்ளிதான் இருந்தது. எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் தட்டுகளோடு கொண்டுபோய்க் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். கூரியரின் தலையில் போடக்கூடியவை அதிகம் போனால் ஏழு முட்டை. மற்ற பத்தொன்பதும் சேவலைக் காணாத கோழிகள் இட்டவை. முட்டைப் பண்ணைக் கூண்டுகளில் சேவல் வைப்பதே இல்லை.

பொரித்த இரண்டில் ஒன்று 'க' எழுதிய முட்டையிலிருந்து வந்தது. மஞ்சள் தூவி, மஞ்சள் கால், மஞ்சள் அலகு. கடக்நாத் குஞ்சுக்குக் காலும் அலகும் கறுத்திருக்க வேண்டும். படத்தை அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டார். இந்தக் குஞ்சுகள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, நன்றாக மேய்கின்றன.

வெளியூரிலிருந்து முட்டை வரவழைக்கத்தான் வேண்டும் என்றால், பணம் அனுப்பும் முன் ஒன்று கேளுங்கள்: நமக்கு அனுப்பப்போகும் அதே தொகுதியிலிருந்து ஒரு முட்டையை, அன்றைய நாளிதழின் மேல் தட்டை வைத்து, உடைத்துக் காணொளி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வளையம் தெரிகிறதா என்று பாருங்கள். நேர்மையாக வளர்ப்பவருக்கு ஒரு முட்டை பெரிய நட்டமில்லை, அதற்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியைப் பென்சிலால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வாரத்தைத் தாண்டியது வேண்டாம், அதுவும் நம் ஊர் வெயிலில் வெறும் அறையில் கிடந்தது வேண்டவே வேண்டாம். பத்துக் கோழிக்கு ஒரு சேவலாவது இருக்கிறதா என்றும், மந்தையைச் சேர்த்து ஒரே காணொளியில் காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். சேவலை மட்டும் படம் பிடித்து அனுப்புபவரை நான் இனி நம்பப்போவதில்லை. 80 சதவீத உத்தரவாதம் என்று கூரியர் முட்டைக்குச் சொல்பவரையும் நம்பாதீர்கள். உண்மையாக வளர்ப்பவர் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டார்.

உள்ளூரில் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. திங்கள்சந்தைப் பக்கம் பெருவிடை வளர்க்கும் ஒரு வீட்டை இப்போது கண்டுபிடித்திருக்கிறோம். சேவலையும் கோழியையும் நேரில் பார்த்து, உமி பரப்பிய பெட்டியில் முட்டையை அடுக்கி, மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தோம்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்தோம். அதற்கும் அவர் அசையவில்லை. இப்போது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். விற்றவர் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் இருந்தால் மனுக்கட்டணம் இல்லை. பணம் அனுப்பிய ரசீது, அவர் உத்தரவாதம் தந்த குரல் பதிவு, பெட்டி திறந்த காணொளி, உடைத்த முட்டைகளின் படங்கள், மருத்துவர் எழுதித் தந்த குறிப்பு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். அவர் வேறு பெயரில், வேறு எண்ணில், அதே சேவல் படத்தோடு மறுபடியும் விளம்பரம் செய்கிறார். அவரிடம் ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் உரையாடல்களையும் ரசீதையும் அழித்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்களும் மனு கொடுக்கலாம்.