பாலியில் ஏடிவி + அருவிக் குளியல் அரைநாள் டூர் புக் பண்ணப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

பாலிக்கு டிக்கெட் போட்ட மறுநாளே போனில் வரிசைகட்டும் விளம்பரங்களில் இது கட்டாயம் இருக்கும். காலையில் கிளம்பி உபுத் ஊர்ப் பக்கம் அருவியில் நீச்சல், அப்புறம் ஏடிவி என்கிற நாலு சக்கர மோட்டார் வண்டியில் காடு, வயல், குகை, ஓடை என்று சேற்றில் ஒரு சுற்று, மதியச் சாப்பாடு, ஹோட்டலுக்கே வந்து கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது, இன்சூரன்ஸ், எல்லாம் சேர்த்து ஒரே விலை, அரைநாளில் முடிந்துவிடும். ஜனவரியில் பொங்கல் லீவை ஒட்டி நான், என் மனைவி, அக்கா, அத்தான், அவர்கள் மகள் என்று குடும்பமாகப் போனோம். எங்களிடம் பிடுங்கிய பணத்தைப் பற்றியும் சொல்லப்போகிறேன், ஆனால் இதை எழுத முதல் காரணம் பணம் இல்லை. பதினான்கு வயதுப் பிள்ளையை வெள்ளம் வரப்போகிற ஆற்றில் இறக்கிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

கம்பெனி பெயர் என்ன என்று கேட்பீர்கள். பெயரைப் போட்டுப் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அதே படங்களை வைத்து அதே டூரை வேறு வேறு பெயரில் விற்கிறார்கள். நாம் ஆன்லைனில் காசு கட்டுகிற இடம் ஒன்று, காலையில் வேன் எடுத்து வருகிறவர் இன்னொருவர், ஏடிவி வைத்திருக்கும் யார்டு மூன்றாவது ஆள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இது நமக்குத் தெரியவே தெரியாது. ஏதாவது ஆனால்தான் ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். எங்களுக்கு நடந்தது முழுக்க இந்த ஓட்டை வழியாகத்தான் நடந்தது.

ஆரம்பமே சரியில்லை. எங்கள் ஹோட்டல் கடற்கரை ஊரான குட்டாவில். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, இலவச பிக்கப் உபுத் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும்தான், குட்டாவுக்கு 3.5 லட்சம் ருப்பியா (இந்தோனேசியப் பணம்) தனி என்றார்கள். புக் பண்ணும்போது ஹோட்டல் பெயரைக் கொடுத்துத்தான் புக் பண்ணினோம், அந்தப் பக்கத்தைக் காட்டினாலும் டிரைவர் பாவம் அவருக்கு ஒன்றும் தெரியாது, போனில் யாரோ சொல்வதை அப்படியே நம்மிடம் சொல்கிறார். ருப்பியாவில் பூஜ்யங்கள் அதிகம் என்பதால் முதலில் தலை சுற்றும். ஒரு லட்சம் ருப்பியா என்பது நம்ம காசுக்கு ஐநூறு ரூபாய்க்குச் சற்று மேலே என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் போட்டிருந்தது தெகெனுங்கான் அருவி. உபுத்துக்குத் தெற்கே, எல்லாரும் படம் போடுவார்களே, அதுதான். கொண்டுபோய் நிறுத்தியது வேறு ஏதோ சின்ன அருவி. அங்கே எங்களோடு ஒரு கைடு சேர்ந்துகொண்டார். பாலியில் அநேகமாக ஒவ்வொரு அருவிக்கும் அந்தந்தக் கிராமத்து ஆட்களே கவுண்டர் வைத்து டிக்கெட் போடுகிறார்கள், அது நியாயமான காசுதான், கிராமத்துக்குப் போகிறது. ஆனால் எங்கள் பேக்கேஜில் டிக்கெட்டும் சேர்த்தி என்று எழுதியிருந்தது, கைடோ டிக்கெட் சேர்த்தி இல்லை என்றார். நான் கவுண்டரில் நின்று அதைப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்களைப் படியிறக்கிக் கூட்டிப்போய்விட்டார். கவுண்டரில் இருந்த பெரியவர் எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருந்தார், கையால் மேலே மலைப்பக்கம் காட்டினார், தலையை ஆட்டினார். அவர் காட்டிய இடத்தில் சிவப்புக் கொடி சொருகியிருந்தது.

எனக்குச் சொந்த ஊர் தென்காசி. குற்றாலத்தில் பேரருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் போலீஸ் குளிக்கத் தடை போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். ஆற்றைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்துத் தெரியும். பாதிப் படி இறங்கும்போதே தண்ணீரின் சத்தம் தடித்துக்கொண்டு வருவது கேட்டது. கீழே குளத்தில் தண்ணீரின் ஒரு ஓரம் தெளிவாக, பாறை தெரிகிற மாதிரி இருந்தது, அருவி விழுகிற பக்கம் கலங்கிச் செம்மண் நிறம். அந்தக் கலங்கல் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்த பக்கத்துக்குப் பரவுகிறது. மேலே இருந்து சருகும் சுள்ளியும் வரத் தொடங்கிவிட்டன. அக்கா மகள் நடுப்பாறையில் ஏறி நின்று போட்டோவுக்குக் கை தூக்குகிறாள், கைடுதான் படம் எடுக்கிறார். நான் கத்திய கத்தில் அவள் பயந்துபோய்த்தான் கரைக்கு வந்தாள். பின்னாலேயே விசில் ஊதிக்கொண்டு அந்தப் பெரியவரும் ஓடிவந்தார். எல்லாரும் படியேறி மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தால் அவள் நின்ற பாறை தண்ணீருக்குள் போய்விட்டது.

எங்கள் தலைக்கு மேலே அப்போது வெயில். மழை பெய்தது மேலே, வடக்கே மலையில். பாலியின் இந்தப் பக்கத்து ஆறுகள் எல்லாம் நடுவில் இருக்கும் மலைகளிலிருந்து ஆழமான பள்ளத்துக்குள்ளேயே ஓடி வருகின்றன, அருவிக்கு அடியில் நிற்கிறவருக்கு மேலே என்ன வருகிறது என்று தெரிய வழியே இல்லை. நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழைக்காலம். அந்த மாதங்களில்தான் என்றும் இல்லை, 2025 செப்டம்பரில், வழக்கமாக மழை இல்லாத மாதத்தில், பாலியில் வந்த வெள்ளத்தில் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். நம்ம பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் திடீரென்று வந்த வெள்ளத்தில் 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டது யாருக்கும் மறந்திருக்காது. இதெல்லாம் அந்த கைடுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தினமும் அங்கேதான் இருக்கிறார். அடுத்த வேன் வந்து நிற்கிறது, இவர்களைச் சீக்கிரம் முடித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. நீச்சல் இல்லாமல் போனதற்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்று அத்தான் கேட்டார். தண்ணீரில் இறங்கிவிட்டீர்களே, அது முடிந்த கணக்கு என்று பதில் வந்தது.

அங்கேயே திரும்பிப் போகலாம் என்று அக்கா சொன்னாள். வேன் யார்டுக்குத்தான் போகும், வேறு வண்டி பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சரி என்று யார்டுக்குப் போனோம்.

யார்டில் முதல் வேலை பாஸ்போர்ட் வாங்குவது. இன்சூரன்ஸ் பாரத்தில் நம்பர் எழுத வேண்டும், ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறோம் என்று வாங்கினார்கள், அது திரும்பி வரவில்லை, லாக்கர் சாவியோடு சேர்த்துக் கடைசியில் தருவோம் என்றார்கள். போனையும் லாக்கரில் வைக்கச் சொன்னார்கள், சேறு படும், அவர்கள் போட்டோகிராபர் எடுப்பார் என்று. அப்புறம் ஒரு கையெழுத்துப் பாரம். வண்டிக்கு எந்தச் சேதம் வந்தாலும் ஓட்டுகிறவர் பொறுப்பு என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எந்த பாகத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் பட்டியல் கிடையாது.

ஏடிவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம்ம ஊரில் இதைப் பொம்மை மாதிரி நினைக்கிறோம். ஏறக்குறைய 200 கிலோ எடை. கட்டைவிரலால் அழுத்தினால் ஓடும் என்பதால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று தோன்றும். சரிவில் சாய்ந்தால் வண்டி நம் மேலேயே விழும், அதுதான் இதில் ஆபத்து. பெரியவர்களுக்கான ஏடிவியை 16 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டக் கூடாது என்று அமெரிக்காவில் வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டி விற்கிறார்கள். இங்கே என் அக்கா மகளிடம், நீ தனியாகவே ஓட்டலாம், ஆட்டோமேட்டிக்தான் என்று சாவியை நீட்டினார்கள். அக்கா விடவில்லை, அத்தானோடு பின்னால் உட்கார வைத்தாள். பிள்ளைக்குக் கொடுத்த ஹெல்மெட்டில் கிளிப் உடைந்து, வாரைக் கழுத்தில் முடிச்சுப் போட்டுவிட்டிருந்தார்கள். வேறு கேட்டு வாங்கினோம். அத்தான் வண்டியில் பிரேக் லீவரைப் பிடித்தால் ஹேண்டில்பாரில் போய் ஒட்டுகிறது. அதைச் சொன்னதற்கு, மெதுவாகப் போங்கள் ஒன்றும் ஆகாது என்றார்கள். மாற்று வண்டி இல்லையாம்.

இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்த சவாரி ஒரு மணி நேரம் கூட இல்லை. அதிலும் பாதி, ஸ்கூட்டர்களுக்கு நடுவே கிராமத்துத் தார் ரோட்டில், நம்பர் பிளேட் இல்லாத வண்டிகளில். விளம்பரத்தில் கொரில்லா முகம் செதுக்கிய குகை வாசல் இருந்தது, அது வேறொரு டிராக்கின் படம். வயலை ஒட்டிய ஒரு இறக்கத்தில் அத்தான் வண்டி நிற்காமல் போய் மண் திட்டில் மோதியது. பிள்ளை கையை ஊன்றிவிட்டாள், மணிக்கட்டு வீங்கிவிட்டது. கைடு எங்களை விட்டு வெகுதூரம் முன்னால் போய்விட்டார், பக்கத்தில் பெட்டிக்கடை வைத்திருந்த ஒரு அம்மாதான் ஓடிவந்து தண்ணீர் கொடுத்து, துணியை நனைத்துக் கையில் சுற்றிவிட்டார். பாலி மக்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, இதையும் பதிய வேண்டும்.

யார்டுக்குத் திரும்பியதும் பிள்ளையின் கையை ஒருத்தரும் பார்க்கவில்லை. நேராக வண்டியைச் சுற்றி வந்து பின்பக்க மட்கார்டில் விரிசல் என்று காட்டி 45 லட்சம் ருப்பியா கேட்டார்கள். நம்ம காசுக்கு இருபதாயிரத்துக்கு மேல். மோதியது முன்பக்கம். விரிசல் பின்பக்கம். அந்த விரிசலுக்குள் காய்ந்து வெளுத்துப்போன பழைய மண் இருந்ததை நான் விரலால் சுரண்டிக் காட்டினேன். அத்தான் கையெழுத்துப் போட்ட பாரத்தைத் திரும்பத் திரும்ப நீட்டினார்கள். பாஸ்போர்ட் எல்லாம் அவர்கள் மேஜை டிராயரில். போலீசைக் கூப்பிடுகிறேன் என்றேன், கூப்பிடுங்கள், அவர்கள் வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். பிள்ளை வலியில் அழுகிறாள். 20 லட்சத்துக்குப் பேசி, ரொக்கமாகத்தான் வேண்டும் என்றதால் ரொக்கமாகவே கொடுத்து, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். ரசீது தரவில்லை.

கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள், நல்லவேளை எலும்பு முறியவில்லை. காலில் சிராய்ப்போடு வயல் சேற்றில் நின்றதால் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். எலிக்காய்ச்சல் அங்கே உண்டு, புண் வழியாகவும் ஏறும். பேக்கேஜில் இருந்த இன்சூரன்ஸ் எங்கே என்று யார்டுக்குப் போன் போட்டால், அது யார்டுக்குள் நடந்தால் மட்டும் என்றார்கள். நாங்கள் இந்தியாவில் எடுத்துப்போன டிராவல் பாலிசியிலோ மோட்டார் வாகன சாகச விளையாட்டு விலக்குப் பட்டியலில் இருக்கிறது. பல பாலிசிகளில் இப்படித்தான், தனியாகக் காசு கட்டிச் சேர்த்தால்தான் உண்டு. கிளம்பும் முன் பாலிசியில் ஏடிவி என்ற வார்த்தையைத் தேடிப் பாருங்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். அது இந்திய அரசின் சொத்து, அந்தப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறது, ஒரு தனியார் யார்டு அதை அடமானம் மாதிரி பிடித்து வைக்க எந்த உரிமையும் இல்லை. ஜெராக்ஸ் நீங்களே எடுத்துப் போங்கள், அசல் ஹோட்டல் ரூமில் இருக்கட்டும். பாலியின் தலைநகர் டென்பசாரில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அந்த நம்பரை போனில் சேமித்துவையுங்கள். பணம் கட்டுவதற்கு முன், வண்டி யாருடையது, யார்டு எங்கே, சேதத்துக்கு என்ன விலை, மழை பெய்தால் அருவிக்குப் பதில் என்ன, பணம் திரும்புமா என்று மெசேஜில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பதில் சொல்லாத ஆளிடம் புக் பண்ணாதீர்கள். வண்டியில் ஏறும் முன் நாலு பக்கமும் வீடியோ எடுங்கள், போனை லாக்கரில் வைக்கச் சொன்னால் எடுத்த பிறகு வையுங்கள். சிவப்புக் கொடியையும் ஊர்க்காரர் பேச்சையும் மீறி எந்த கைடு கூப்பிட்டாலும் தண்ணீரில் இறங்காதீர்கள், குறிப்பாகப் பிள்ளைகளோடு.

கார்டில் கட்டிய பேக்கேஜ் பணத்துக்கு வங்கியில் சார்ஜ்பேக், அதாவது பணத்தைத் திரும்பப் பெற்றுத்தரச் சொல்லும் மனு, போட்டிருக்கிறேன், விசாரணையில் இருக்கிறது. புக்கிங் தளம் நாங்கள் வெறும் ஏஜெண்ட் என்று மெயில் அனுப்பி, அடுத்த டூருக்கு ஒரு தள்ளுபடி வவுச்சர் நீட்டியது, வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அவர்கள் போட்டோகிராபரிடம் பிள்ளை ஆசைப்பட்டாளே என்று காசு கொடுத்து வாங்கிய படங்களை அன்று ராத்திரி ஹோட்டலில் உட்கார்ந்து பார்த்தபோது, வண்டி கிளம்பும் முன் எடுத்த படத்தில் அந்த மட்கார்டு விரிசல் பளிச்சென்று தெரிகிறது. அதையும் வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன். ரொக்கமாகக் கொடுத்த 20 லட்சத்துக்கு அந்த வழி இல்லை. சிவப்பு ஏடிவி, முன்னால் 17 என்று மஞ்சள் ஸ்டிக்கர், பின்பக்க வலது மட்கார்டில் குறுக்கே விரிசல்: இதே வண்டிக்கு, இதே விரிசலுக்கு நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவர்களோ காசு கட்டியிருந்தால், படம் இருந்தால், எனக்கு அனுப்புங்கள். சேர்த்து வைத்துப் புகார் கொடுக்கலாம்.