டேட்டாசெட், ஜேசான், புரோட்டோபஃப்: மாங்கூழ் ஆலைகளில் பல சீசன்கள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்குக் கொள்முதல் கணக்கு மென்பொருள் எழுதிப் பராமரிப்பது என் தொழில். எடைமேடையிலும் அலுவலகத்திலும் கிளையன்ட் கணினிகள், வெளியே ஒரு சர்வர், அதற்குப் பின்னால் டேட்டாபேஸ் என்று மூன்று அடுக்கு. சீசன் சூடுபிடித்தால் தோதாபுரி ரக மாம்பழ லோடுகள் இரவு பகல் பாராமல் வரும். தரவு போய்வருவதில் தடங்கல் என்றால் எடைமேடைக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசைகட்டிவிடும்.

இந்தத் தரவை எந்த வடிவில் அனுப்புவது என்பதில் மூன்று வழிகளை ஓட்டிப் பார்த்துவிட்டேன். முதலில் எங்களிடம் இருந்தது, மைக்ரோசாஃப்டின் மென்பொருள் தளமான டாட்நெட்டின் டேட்டாசெட். டேட்டாபேஸ் அட்டவணைகளின் நகலை நினைவகத்தில் வைத்திருக்கும் பெட்டி அது. 2002இல் வந்தது. அட்டவணையை அப்படியே தூக்கிக் கிளையன்ட்டிடம் கொடுத்துவிடலாம். திருத்திய வரிகளின் பழைய மதிப்பையும் புதிய மதிப்பையும் அதுவே நினைவில் வைத்திருக்கும். அலுவலகத்துக்குள் கம்பி இணைப்பில் அது அருமையாக ஓடியது. ஆனால் எக்ஸ்எம்எல் என்ற, குறிச்சொற்கள் நிறைந்த உரையாக மாறி இணையத்தில் பயணிக்கும்போது உடல் பருத்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, டேட்டாபேஸ் அட்டவணையில் ஒரு பத்தியின் (column) பெயரை மாற்றினால் எல்லா ஆலைகளிலும் கிளையன்ட்டையும் மாற்றியாக வேண்டும். அட்டவணையின் வடிவம் வேறு, கம்பியில் போகும் தரவின் வடிவம் வேறு என்று பிரித்த பிறகுதான் நிம்மதி கிடைத்தது.

பிறகு ஜேசான்: பெயரும் மதிப்பும் சோடியாக வரும் எளிய உரை வடிவம். கண்ணால் படித்தே பிழையைப் பிடிக்கலாம் என்பதற்காகவே இதை விரும்புகிறேன். தமிழில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் முறையான யூடிஎஃப்-8இல் ‘முருகன்’ என்ற பெயர் 21 பைட். டாட்நெட்டின் இயல்பான ஜேசான் நூலகமோ தமிழ் எழுத்துகளைக் குறியீட்டு எண்களாக மாற்றி அனுப்பும். அதே பெயர் 42 பைட் ஆகிவிடும், பதிவேட்டில் படிக்கவும் முடியாது. அமைப்பில் ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும். பணத்தைத் தசமமாக அனுப்பாமல் பைசாவில் முழு எண்ணாக அனுப்புங்கள். மிக நீண்ட எண்களைச் சரமாக அனுப்புங்கள். 9,007,199,254,740,991ஐத் தாண்டினால் பிரவுசரில் கடைசி இலக்கங்களை நம்ப முடியாது.

கூகுள் 2008இல் பொதுவில் வைத்த புரோட்டோகால் பஃபர்ஸ், சுருக்கமாகப் புரோட்டோபஃப், தரவை உரையாக இல்லாமல் பைட்டுகளாக அடுக்கும் வடிவம். உண்மையிலேயே கச்சிதமானது. புலத்தின் (பெயர், எடை போன்ற ஒவ்வொரு தகவலின்) பெயருக்குப் பதில் எண்தான் போகும். 1 முதல் 15 வரையிலான எண்களுக்கு ஒரே பைட். ஆனால் ஜேசானைச் சுருக்கி அனுப்பினாலே இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பெரிதும் குறைந்துவிடுகிறது. சர்வருக்கும் சர்வருக்கும் இடையே மட்டும் இதை வைத்திருக்கிறேன்.

வேகத்தைத் தின்பது வடிவம் என்பதைவிடப் பயணங்களின் எண்ணிக்கை என்பதே என் முடிவு. விவசாயியின் கணக்கு முடிக்கும் திரை திறக்க 40 அழைப்புகள், ஒவ்வொன்றும் 100 மில்லிசெகண்ட் என்றால், ஒன்றன்பின் ஒன்றாகப் போகையில் நான்கு விநாடி போய்விடும். பெயர், எடைச்சீட்டுகள், முன்பணம், அன்றைய விலை எல்லாவற்றையும் ஒரே பதிலில் கட்டி அனுப்பினால் பாதித் தலைவலி தீரும்.

மீதித் தலைவலி மழைக்காற்றில் அறுபடும் இணைப்பு. எடைமேடை சீட்டை அனுப்புகிறது, சர்வர் பதிந்துவிடுகிறது, பதில் மட்டும் திரும்பி வரவில்லை. ஊழியர் மறுபடி அழுத்துகிறார். ஒரே லோடுக்கு இரண்டு சீட்டு! இதற்கு வழி, எடை போட்ட நொடியிலேயே கிளையன்ட் அந்தச் சீட்டுக்கென ஒரு தனித்த அடையாள எண்ணை உருவாக்கிச் சீட்டோடு அனுப்புவது. டேட்டாபேஸில் அந்தப் பத்தி இரட்டிப்பை ஏற்காது. அதே எண் மீண்டும் வந்தால், முதல்முறை தந்த பதிலையே சர்வர் திருப்பித் தரும். விவசாயியின் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் இது இல்லாத மென்பொருளை நான் ஏற்கவே மாட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை: சுருக்கப்பட்ட ஜேசான், திரைக்கு ஒரு அழைப்பு, ஒவ்வொரு சீட்டுக்கும் கிளையன்ட் தரும் அடையாள எண். புலங்களைச் சேர்க்கலாம், இருப்பதை அழிக்கவோ பொருளை மாற்றவோ கூடாது. போச்சம்பள்ளிப் பக்கம் பழைய பதிப்பு ஓடும் கணினிகள் அடுத்த சீசனிலும் இருக்கும்.