பேண்ட் பேரை மட்டும் நம்பி டிக்கெட் எடுக்காதீங்க

லண்டன்லயும் சுத்துவட்டாரத்துலயும் பழைய ராக் பேண்டுகளோட ஷோவுக்கு டிக்கெட் எடுக்குற நம்ம ஆளுங்களுக்காக எழுதுறேன், அதுவும் ஊர்ல இருந்து வர்ற அப்பா, அம்மா, மாமாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு நினைக்கிறவங்க கட்டாயம் படிங்க. 'பிளாட்டினம் பேக்கேஜ்'னு சொல்லி ஒரு டிக்கெட் 240 பவுண்டுக்கு வித்தாங்க, உள்ள போனா அந்த பேண்டைத் தொடங்கினவங்க ஒருத்தர் கூட மேடையில இல்ல. பேண்ட் பேரும் வித்த கம்பெனி பேரும் இப்போ போடல, விவகாரம் இன்னும் நடந்துட்டு இருக்கு.

என் பெரிய மாமா 70கள்ல மெட்ராஸ்ல காலேஜ் படிச்சவர். மூர் மார்க்கெட்ல பழைய எல்பி தேடித் தேடி வாங்கினவர், இந்த பேண்டோட ரெக்கார்டு இன்னமும் அவர் பீரோவுல இருக்கு, பிளேயர் கெட்டுப்போய் வருஷக்கணக்காச்சு ஆனாலும் யாருக்கும் கொடுக்க மாட்டார். அவர் எங்க வீட்டுக்கு வந்திருந்த சமயம் பார்த்து இவங்க டூர் போஸ்டர் கண்ணுல பட்டுச்சு. போஸ்டர்ல 70கள்ல எடுத்த போட்டோ, நீள முடியோட அஞ்சு பேரும் நிக்கிறாங்க. எனக்கு அப்பவே சந்தேகம், அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடியே போன் போட்டு பழைய சிங்கர் வர்றாரான்னு நேரா கேட்டேன். 'கிளாசிக் லைன்-அப் தான் மேடம்'னு சொன்னாங்க, அதாவது பேர் வாங்கின காலத்துல இருந்த அதே ஆளுங்கன்னு தான் யாரும் புரிஞ்சுப்பாங்க, எழுதிக் கொடுங்கன்னு சொன்னேன், அதையே மெயில்லயும் அனுப்பினாங்க. பேக்கேஜ்ல சவுண்ட்செக் (ஷோவுக்கு முன்னாடி ஒலி சரிபார்க்குற ஒத்திகை) பார்க்கலாம், பேண்டைச் சந்திச்சு போட்டோ எடுத்துக்கலாம், முன்வரிசை பக்கம் சீட்டு, கையெழுத்து போட்ட போஸ்டர், இவ்வளவும் தர்றதா இருந்துச்சு.

போய் நின்னா சவுண்ட்செக் சீக்கிரமே முடிஞ்சிடுச்சாம். போஸ்டர்ல கையெழுத்து இருந்துச்சு, ஆனா படத்தோட சேர்த்து அச்சடிச்சது. சீட்டு ஒரு தூணுக்குப் பின்னாடி, இடது பக்க மேடை சுத்தமா தெரியல. இதையெல்லாம் கூட பொறுத்துக்கிட்டேன்னு வைங்க, ஷோ ஆரம்பிச்சதும் வந்து நின்ன சிங்கருக்கு நாப்பது வயசு இருக்கும். ஒரே ஒருத்தர் மட்டும் கொஞ்சம் வயசானவர், அவரும் 80கள் கடைசியில சேர்ந்த பேஸ் கிட்டாரிஸ்ட். கோரஸ் வர்ற இடத்துல எல்லாம் நாலஞ்சு குரல் கேக்குது, மைக் பக்கத்துல சிங்கரைத் தவிர ஆளே இல்ல. அந்தப் பையன் மைக்கைக் கூட்டத்துப் பக்கம் திருப்பினப்பவும் ஹைநோட் ஸ்பீக்கர்ல அப்படியே ஓடிட்டு இருந்துச்சு, அதாவது முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வெச்ச குரல். பையனைக் குறை சொல்லல, அவன் குரல் நல்லாத்தான் இருந்துச்சு.

மூணாவது பாட்டு நடுவுல மாமா என் காது பக்கம் குனிஞ்சு, 'ஏம்மா, இது முதல்ல பாடுற வேற பேண்டா? நம்மாளுங்க அப்புறம் வருவாங்களா?'ன்னு கேட்டார். 'இவங்க தான் மாமா'ன்னு சொன்னேன். அவர் ஒண்ணும் சொல்லல, முடியிற வரைக்கும் மரியாதையா உக்காந்து கைதட்டினார். எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு.

இடைவேளையில கம்பெனி ஆளைப் பிடிச்சுக் கேட்டா, 'பேண்ட் பேரோட உரிமை இவங்க கிட்ட தான் இருக்கு, சட்டப்படி இது தான் அந்த பேண்ட்'ங்கிறார். இந்த விஷயத்தைத் தான் எல்லாரும் புரிஞ்சுக்கணும். பேர் ஒரு சொத்து, யார் கையில இருக்கோ அவங்க அதை வெச்சு டூர் போகலாம். 1974ல ஃப்ளீட்வுட் மேக்ங்கிற பேண்டோட பேர்ல அவங்க மேனேஜரே, பேர் எனக்குச் சொந்தம்னு சொல்லி, பேண்ட்ல இருந்த யாருமே இல்லாத வேற ஒரு கோஷ்டியை அமெரிக்கா டூருக்கு அனுப்பினார், அது கோர்ட் வரைக்கும் போச்சு. விஷ்போன் ஆஷ் பேண்டைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான மார்ட்டின் டர்னர், அந்தப் பேரைத் தன் பேண்டுக்கு வெச்சுக்கக் கூடாதுன்னு 2013ல இங்க தீர்ப்பு வந்துச்சு. அதாவது தொடங்கின ஆள் வேற பேர்ல வாசிக்கலாம், பழைய பேர்ல வேற ஆளுங்க வாசிக்கலாம், போஸ்டரை மட்டும் பார்த்தா வித்தியாசம் தெரியாது.

வயசானவங்க ஷோன்னாலே இப்படித்தான் இருக்கும்னு ஒருத்தர் என்கிட்ட சொன்னார், அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். 2022 மார்ச்ல லண்டன் ஓ2 அரீனால ஜெனிசிஸ் பேண்டோட கடைசி ஷோ பார்த்தேன், அவங்க சிங்கர் ஃபில் காலின்ஸுக்கு 71 வயசு, நிக்க முடியாம நாற்காலியில உக்காந்து பாடினார், டிரம்ஸ்ல அவர் பையன் நிக். குரல் இறங்கிப்போச்சு, பாட்டோட சுருதியும் இறக்கித்தான் வாசிச்சாங்க. ஆனா டூர் ஆரம்பத்துல இருந்தே அவர் உடம்பு நிலைமை எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சு தான் போனோம், அந்த ராத்திரியை என்னால மறக்க முடியாது. 2024 டிசம்பர்ல அதே அரீனால பீட்டில்ஸ்ல இருந்த பால் மெக்கார்ட்னி, 82 வயசு, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல. மேல் ஸ்தாயியில குரல் நடுங்குது, மெல்லிய பாட்டுல நல்லாவே தெரியுது, ஆனா அது அவர் குரல். பீட்டில்ஸோட 1969 மொட்டை மாடி கச்சேரி வீடியோவுல இருந்து, மறைஞ்சுபோன ஜான் லெனன் குரலைத் தனியா பிரிச்சு எடுத்து, திரையில லெனனைக் காட்டி, அதோட சேர்ந்து பாடினார். ரெக்கார்ட் பண்ண குரல் தான், எல்லார் கண்ணு முன்னாடியும் இது இன்னார் குரல்னு காட்டிட்டு போட்டாங்க, அரீனா முழுக்க கண்ணீர்.

பாப் டிலன் ராயல் ஆல்பர்ட் ஹால்ல, 2024 நவம்பர். போனைப் பையில போட்டுப் பூட்டிடறாங்க, ஹிட் பாட்டு எதிர்பார்த்து வந்தவங்க நிறைய பேருக்கு ஏமாற்றம், எனக்கும் பாதி பாட்டு பிடிபடல. ஆனா 2020ல வந்த ஆல்பம் பேரையே டூருக்கு வெச்சு, அந்தப் பாட்டுங்களைத் தான் பெரும்பாலும் பாடினார், அதுல என்ன பொய் இருக்கு? சிங்கர் ஸ்டீவன் டைலர் குரல் திரும்ப சரியாகாதுன்னு தெரிஞ்சதும் 2024 ஆகஸ்ட்ல ஏரோஸ்மித் பேண்ட் இனிமே டூரே இல்லன்னு அறிவிச்சிட்டாங்க. அபா பேண்டோட 'அபா வாயேஜ்' ஷோவுல மேடையில இருக்கிறது டிஜிட்டல் உருவம்னு சொல்லியே விக்கிறாங்க, வாசிக்கிற பேண்ட் நிஜம். இவங்க எல்லாரும் என்ன தரப்போறோம்னு முன்னாடியே சொன்னவங்க. என்கிட்ட ரெண்டு டிக்கெட்டுக்கு 480 பவுண்ட் வாங்கினவங்க கேட்டும் மறைச்சவங்க.

எடுக்குறதுக்கு முன்னாடி அந்த டூர்ல போன வாரம் ஜனங்க போன்ல எடுத்துப் போட்ட வீடியோவைத் தேடிப் பாருங்க, எடிட் பண்ண டிரெய்லர் வேண்டாம். செட்லிஸ்ட் எஃப்எம்ங்கிற வெப்சைட்ல முந்தின ஷோவுல என்ன பாடினாங்க, எத்தனை பாட்டுன்னு இருக்கும். என் கேஸ்ல அது டூரோட முதல் வாரம், வீடியோ ஒண்ணு கூட வரல, முதல் வாரத்துக்கு எடுக்காம கொஞ்சம் காத்திருந்து எடுங்க. மறுவிற்பனை டிக்கெட்னா, 2015 கன்ஸ்யூமர் ரைட்ஸ் ஆக்ட் படி சீட்டு எங்க, டிக்கெட்டோட அசல் விலை எவ்வளவுன்னு விக்கிறவங்க சொல்லியாகணும், சொல்லலன்னா வாங்காதீங்க. கிரெடிட் கார்டுல கட்டுங்க. ஒரு டிக்கெட் 100 பவுண்டுக்கு மேலன்னா கன்ஸ்யூமர் கிரெடிட் ஆக்ட் செக்‌ஷன் 75ல கார்டு கம்பெனிகிட்டயே பணத்தைத் திருப்பிக் கேக்கலாம், ஆனா நடுவுல இன்னொரு ஏஜென்ட் இருந்தா அந்தப் பாதுகாப்பு கிடைக்காம போக வாய்ப்பு இருக்கு, அதனால ஹால் பாக்ஸ் ஆபீஸ்ல நேரா எடுக்குறது தான் நல்லது.

என் விஷயத்துல, 'கிளாசிக் லைன்-அப்'னா மேடையில வர்ற ஆளுங்களைச் சொல்லல, பாட்டுங்களைச் சொன்னோம்னு பதில் வந்துச்சு. பேக்கேஜ் சார்ஜ்ல 90 பவுண்ட் திருப்பித் தர்றோம், இதுக்கு மேல கேக்க மாட்டேன்னு கையெழுத்து போடுங்கன்னாங்க. போடல. மெயில், தூணோட போட்டோ, அச்சடிச்ச போஸ்டர் எல்லாத்தையும் கார்டு கம்பெனிக்கு அனுப்பியிருக்கேன். அதே டூர் இன்னும் ஓடிட்டு இருக்கு, இதே பேக்கேஜ் வாங்கி இதே மாதிரி மாட்டினவங்க இருந்தா டிக்கெட்டையும் மெயிலையும் அழிக்காம வெச்சுக்கிட்டு எனக்கு மெசேஜ் போடுங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.