சைக்ளமன் பூச்செடி: விதையா, கிழங்கா?

நேரம்: வளர்ந்த கிழங்கு வரும் பருவத்திலேயே பூக்கும். விதைக்குப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

செலவு: விதைதான் மலிவு.

பெருக்கம்: இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். சைக்ளமன் கிழங்கு பக்கக் குட்டி விடாது. வருடா வருடம் பருக்கும், அவ்வளவுதான். வெட்டி நட்டால் பெரும்பாலும் அழுகிவிடும். செடி பெருக வேண்டுமென்றால் விதைதான் வழி.

முளைப்பு: விதையை ஓர் இரவு ஊறவைத்து, மண்ணால் மூடி, வெளிச்சம் படாமல் 15 முதல் 18 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். முதலில் மண்ணுக்குள் குட்டிக் கிழங்கு திரளும். பிறகுதான் கூன் போட்டபடி ஒற்றை இலை எட்டிப்பார்க்கும். அதைப் பார்க்கவே விதைக்கலாம்!

அழுகல்: கிழங்குக்கு ஆபத்து அதிகம். தொட்டியில் வளரும் பெர்சிகம் வகையில் கிழங்கின் தலை மண்ணுக்கு வெளியே தெரியட்டும்; நடுவில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கோடையில் இலை உதிர்ந்தால் அது உறக்கம்தான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒரே தொட்டி, சீக்கிரம் பூ என்றால் கிழங்கு. சுருங்காமல் கெட்டியாக இருப்பதை எடுங்கள். காட்டில் தோண்டியது மட்டும் வேண்டவே வேண்டாம். பாத்தி நிறைய வேண்டும், பொறுமையும் உண்டு என்றால் விதை.