ஸ்பீக்கர் பாடவில்லை: இடம் மாற்றிப் பார்ப்பதா, பேட்டரியா, மல்டிமீட்டரா?

மாமாவிடம் 2004-ம் வருஷத்து டொயோட்டா கொரோலா இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ஈஸ்டர் திருவிழாவுக்கு சாட்ஸ்வொர்த்திலிருந்து மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்கு எங்கள் எல்லோரையும் ஏற்றிப் போகும் வண்டி. அதில் ஓட்டுநர் பக்க (வலது) கதவு ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாட ஆரம்பித்தது. சவுண்ட் கடை ஒன்றில் "ஸ்பீக்கர் போச்சு" என்று புது ஜோடி மாட்டினார்கள். இரண்டே வாரத்தில் பழைய கதை. மறுபடி போனபோது "ரேடியோவே போச்சு, புதுசு போடுங்க" என்றார்கள். இரண்டு தடவையும் யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. "மாப்பிள்ளை, நீ ஒரு தடவை பாருப்பா" என்று மாமா வண்டியை என் வீட்டு வாசலில் விட்டுப் போனார்.

கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் மூன்றுதான்: ரேடியோ, வயர், ஸ்பீக்கர். எதில் என்று கண்டுபிடிக்க நம்மவர்கள் மூன்று வழி வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு அதுதான் சரி என்பார்கள்.

முதல் வழி, இடம் மாற்றிப் பார்ப்பது. காசு செலவில்லை. வெளியில் வாங்கி மாட்டும் ரேடியோக்களில் வெள்ளை வயர் முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். ரேடியோவை அணைத்துவிட்டு, சாம்பல் ஜோடியையும் வெள்ளை ஜோடியையும் மாற்றிக் கொடுங்கள். மௌனம் இடது கதவுக்குப் போனால் பழுது ரேடியோவில். வலது கதவிலேயே நின்றால் ரேடியோ மேல் குற்றமில்லை, வயரையோ ஸ்பீக்கரையோ பாருங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அந்தக் கடைக்காரர் ரேடியோவைக் குறை சொல்லியிருக்க மாட்டார். ஆனால் மாமாவின் வண்டியில் இருந்ததைப் போல விட்டு விட்டு வரும் கோளாறுக்கு இது மட்டும் போதாது. மாற்றிய நேரத்தில் பாடிவிட்டால் ஒன்றும் தெரியாது.

இரண்டாவது, பேட்டரி. சாதாரண 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியில் இரண்டு வயர் பிடித்து, ஸ்பீக்கர் முனைகளில் ஒரு நொடி தொட்டு எடுப்பது. 'டப்' என்று சத்தம் வந்தால் உயிர் இருக்கிறது. பிளஸ்ஸில் பிளஸ் தொட்டால் கோன், அதாவது ஸ்பீக்கரின் கூம்பு, முன்னால் வரும். பின்னால் போனால் வயர் தலைகீழாக மாட்டியிருக்கிறது. கோனை அசைக்கும் கம்பிச் சுருள் (காயில்) உள்ளே உரசினால் அந்த 'டப்' கரகரவென்று வரும்; இதை எந்த மீட்டரும் சொல்லாது. ரேடியோ பிளக்கைக் கழற்றாமல் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பேட்டரி மின்சாரம் ரேடியோவின் ஐசிக்குள் (ஸ்பீக்கரை ஓட்டும் சில்லு) நுழைந்தால் புதுப் பழுது உண்டாகும். 9 வோல்ட் பேட்டரியால் செய்கிறவர்களும் உண்டு. சிறிய ஸ்பீக்கர்களுக்கு அது அதிகம், நான் செய்வதில்லை. டுவீட்டரில் (கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) தொடராகக் கெபாசிட்டர் இருந்தால் மெல்லிய 'கிளிக்' மட்டுமே வரும். அதைக் கேட்டு டுவீட்டர் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

மூன்றாவது மல்டிமீட்டர். என் ஓட்டு இதற்குத்தான், ஏனென்றால் இது எண்ணைக் காட்டுகிறது. பிளக்கைக் கழற்றி, மீட்டரை 200 ஓம்ஸில் வைத்து, முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொடுங்கள். என் மீட்டரில் 0.4 வரும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். 4 ஓம்ஸ் என்று எழுதிய ஸ்பீக்கர் பெரும்பாலும் 3.2 முதல் 3.8 வரை காட்டும். 4 வரவில்லையே என்று பயப்பட வேண்டாம். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஷார்ட். இடது ஓரத்தில் தனியாக 1 நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது.

அடுத்து, ஸ்பீக்கர் வயர் ஒவ்வொன்றையும் வண்டி பாடியோடு சேர்த்து அளங்கள். இங்கே அந்தத் தனி 1 தான் நிற்க வேண்டும், வேறு எண் வரக் கூடாது. ஒரு வயரைப் பாடியில் கொடுத்து எர்த் எடுக்கும் பழைய பழக்கம் இன்றைய ரேடியோக்களுக்கு ஆகாது. ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே பேட்டரி வோல்டேஜில் ஏறக்குறைய பாதி, 6, 7 வோல்ட், எப்போதும் நிற்கும். அதில் ஒன்று பாடியில் பட்டால் ஐசி தன்னைக் காத்துக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும், நான்கு ஸ்பீக்கரும் ஒன்றாக அடங்கிவிடும். அப்போது புது ரேடியோ வாங்க ஓடாமல், எந்த வயரின் தோல் உரிந்திருக்கிறது என்று தேடுங்கள். ரேடியோ ஆன் ஆகியிருக்கும்போது மீட்டரை டிசி வோல்டேஜுக்கு மாற்றி அளந்தால், அந்த இரண்டு வயருக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம்தான் வர வேண்டும். சில வோல்ட் வந்தால் பழுது ரேடியோவில்தான், அதில் எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் சூடாகிக் கருகும்.

மீட்டருக்கும் குறை உண்டு. அது அனுப்பும் மின்சாரம் மிகக் கொஞ்சம். பத்து இழை அறுந்து இரண்டு இழை மிச்சமிருந்தாலும் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிடும். அதனால் மீட்டரோடு பேட்டரியையும் கையில் வைத்துக்கொள்கிறேன்.

மாமாவின் வண்டியில் ரேடியோ பக்கத்துப் பிளக்கில், சாம்பலுக்கும் கறுப்புக் கோட்டுச் சாம்பலுக்கும் போகும் முனைகளில் மீட்டரைப் பிடித்தேன். கதவு மூடியிருக்க 3.9, கழிக்க 3.5. அத்தையைக் கதவை மெதுவாகத் திறக்கச் சொன்னேன். பாதி திறந்ததும் எண் துள்ளியது, முழுக்கத் திறந்ததும் 1. மூடினால் மறுபடி 3.9. கதவுக்கும் அது மாட்டியிருக்கும் தூணுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் குழாயை இழுத்தேன். உள்ளே ஒரு வயர் தோலோடு முறிந்து, செம்பு பச்சை பிடித்திருந்தது. டர்பன் கடல் காற்றுக்குத் திறந்த செம்பு ரொம்ப நாள் தாங்காது. நம் ஊரில் ஓட்டுநர் கதவு வலது பக்கம், அதிகம் திறந்து மூடுவதும் அதுதான்.

அந்த மடிப்பில் சால்டர் வைக்கவில்லை. ஈயம் வைத்த இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். நுண்ணிழை வயர் ஒன்றைக் குழாய் வழியே முழு நீளத்துக்கு இழுத்து, இரண்டு முனையிலும் மடிப்புக்கு வெளியே இணைத்தேன். மாமா டிக்கியில் போட்டு வைத்திருந்த பழைய ஸ்பீக்கர் ஜோடியையும் அளந்தேன்: 3.4, 3.5. பேட்டரி தொட்டதும் இரண்டும் சுத்தமாக 'டப்' என்றன. அவை இப்போது அண்ணனின் பக்கியில் (பிக்கப் வண்டி) பாடுகின்றன.