விறகு அடுப்பை இடித்துவிட்டு கேஸுக்கு மாறிய கதை: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

எங்கள் வீடு அணைக்கட்டு பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஓட்டு வீடு. பின்கட்டில் சமையலறை, அதில் கிழக்குச் சுவரை ஒட்டி மூன்று வாய் மண் அடுப்பு. அத்தை கல்யாணமாகி வந்தபோதே இருந்ததாம். வருடா வருடம் மண் பூசி, சாணம் மெழுகி அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த 2019-ல்தான் அதை இடித்துவிட்டு, கடப்பைக் கல் மேடை கட்டி, முழுக்க கேஸுக்கு மாறினோம்.

"2019-லயா?" என்று சிலர் கேட்பீர்கள். கேஸ் இணைப்பு அதற்கு முன்பே உண்டு. 2006-ல் வந்த ஆட்சியில் கொடுத்த இலவச கேஸ் அடுப்பும் எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு வந்தது. யாராவது வந்தால் டீ போட, குழந்தைக்குப் பால் காய்ச்ச, அவ்வளவுதான். வேலிக்காத்தான் ஊரைச் சுற்றி நிற்கிறது, கொல்லையில் தென்னை மட்டை விழுகிறது, சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு காசு கொடுத்து ஏன் எரிக்க வேண்டும் என்பது அத்தையின் கணக்கு. அப்புறம் விறகு வெட்ட ஆள் கிடைப்பது குறைந்தது, அத்தைக்கு இருமல் கூடியது. மழையில் சமையலறைச் சுவர் ஊறி, எப்படியும் இடித்துக் கட்ட வேண்டிய நிலை வந்தது. அப்போதுதான் முடிவானது.

மாறியது சரிதான், திரும்ப விறகுக்குப் போக மாட்டேன். ஆனால் ஒன்று. அந்த மண் அடுப்பு சோறு, குழம்போடு நிற்கவில்லை. குளிக்க வெந்நீர், நாள் முழுக்கச் சுண்டும் பால், பரணில் விதை காய்வது, கூரையில் பூச்சி அண்டாமல் இருப்பது, பாத்திரம் தேய்க்கச் சாம்பல் என்று ஒரே தீயில் அத்தனையும் நடந்துகொண்டிருந்தது. கேஸ் அடுப்பு இதில் சமையலை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. மற்ற ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி தேட வேண்டியிருந்தது. செலவு ஆனதும் பெரும்பாலும் அங்கேதான். அடுப்பு விலை அதில் சின்னது.

அடுப்பு வாங்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடி மேல்தட்டு பார்க்க நன்றாக இருக்கிறது. எங்களைப் போல அண்டா, தவலை ஏற்றும் வீட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் சரி. பர்னர் பித்தளையில் இருக்கட்டும், மூன்றில் ஒன்று பெரியதாக இருக்கட்டும். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் பாருங்கள். அந்தத் தரத்தில் அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். மண் அடுப்பில் விறகின் சூட்டில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகும், மீதி சுவருக்கும் நமக்கும்.

அடுப்பைவிட நான் அதிகம் யோசித்தது அறையைத்தான். விறகுச் சமையலறையில் காற்றுப் போக்கு எல்லாம் மேலே. கூரையில் புகைக்கூண்டு, சுவரின் உச்சியில் ஓட்டை. புகை மேலே போகும், அதனால் அது சரி. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். எங்கள் சமையலறைக்கு உயரமான வாசற்படி வேறு. கசிவு வந்தால் தொட்டியில் தண்ணீர் நிற்பது மாதிரி உள்ளேயே நிற்கும். கொத்தனாரிடம் சொல்லி, சிலிண்டர் வைக்கும் மூலையில் தரை மட்டத்தில் வெளிச்சுவரைக் குடைந்து ஒரு திறப்பு விட்டோம், எலி வராமல் இரும்பு வலை அடித்து. "கீழ எதுக்கும்மா ஓட்டை?" என்று அவரே கேட்டார். பழைய சமையலறையை அப்படியே வைத்துக்கொண்டு கேஸுக்கு மாறுகிறவர்கள் இதை முதலில் செய்யுங்கள். சிலிண்டர் இருக்கும் அறையில் விறகுத் தீ கூடவே கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஓரமா ஒரு சின்ன அடுப்பு இருக்கட்டுமே" என்று எல்லா வீட்டிலும் ஒரு குரல் வரும்.

இப்போது களி. எங்கள் பக்கத்தில் கேழ்வரகுக் களி கிண்ட முடியாத அடுப்பு அடுப்பே இல்லை. மண் அடுப்பில் பானை மூன்று குமிழுக்கு நடுவே உட்கார்ந்துகொள்ளும். சுற்றிலும் மண் சுவர் அணைத்துப் பிடித்திருக்கும். நொய் வெந்ததும் மாவைக் கொட்டி, நடுவில் குழி போட்டு, மூடி வேகவிட்டு, பிறகு துடுப்பைப் போட்டு இரண்டு கையாலும் அழுத்திக் கிண்டினாலும் பானை அசையாது. கேஸ் அடுப்பின் நான்கு கம்பி ஸ்டாண்டு மேல் அந்த வேலையைச் செய்து பாருங்கள். முதல் சுற்றிலேயே பானை ஸ்டாண்டோடு சேர்ந்து சுழலும், இரண்டாவது சுற்றில் அடுப்பே மேடையில் நகரும். அத்தை துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "இது இன்னாத்துக்கு ஆவும், டீ போடத்தான் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பானையை இறக்கித் தரையில் பிரிமணை மேல் வைத்து, காலால் அணைத்துக் கிண்டலாம். ஊரில் பல வீட்டில் இப்போது அப்படித்தான். ஆனால் முன்பு அடுப்பே தரையில் இருந்தது, பானையை நகர்த்தினால் போதும். இன்று இடுப்பு உயர மேடையிலிருந்து கொதிக்கிற பானையைத் தூக்கி இறக்க வேண்டும், வயதானவர்கள் செய்கிற வேலை இல்லை அது. மேடையைத் தாழ்த்தவும் முடியாது, அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கடைசியில் குடியாத்தத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இரும்புச் சட்டம் ஒன்று செய்து வாங்கினோம். நான்கு கால், அடுப்பைத் தாண்டி நேராகக் கடப்பைக் கல்லில் ஊன்றி நிற்கும். மேலே பானையின் வயிறு பதிகிற அளவுக்கு ஒரு வளையம், வளையத்தில் மூன்று கொண்டி. பானையின் பாரமும் கிண்டுகிற வேகமும் அடுப்பின் மேல் விழாது. தீக்கும் பானையின் அடிக்கும் உள்ள இடைவெளி பழைய ஸ்டாண்டில் இருந்த அதே அளவு இருக்கும்படி கால்களை அறுக்கச் சொன்னோம். இடைவெளி கூடினால் கேஸ் வீண், குறைந்தால் தீ மூச்சுமுட்டி கரி பிடிக்கும். அத்தைக்கு உயரம் போதவில்லை என்று நிற்க ஒரு பலகையும் போட்டோம். முதலில் முனகினார். குனிந்து உட்கார்ந்து எழுந்திருக்கிற வேலை இல்லை என்று முழங்காலுக்குத் தெரிந்த பிறகு முனகல் நின்றது. இந்தச் சட்டத்துக்கு ஆன செலவு மாதிரி உருப்படியாக நான் வேறெதற்கும் செலவு செய்யவில்லை. பக்கத்து வீட்டிலும் பார்த்துச் செய்துகொண்டார்கள்.

பால் விஷயத்தில் தோற்றுத்தான் போனோம். மண் அடுப்பில் முன் வாயில் எரிகிற தீ உள்ளே சந்து வழியாகப் பின்னால் போகும். கடைசி வாயான கொடி அடுப்பில் தீயே தெரியாது, சூடு மட்டும் இருக்கும். காலையில் அங்கே வைத்த பால் மதியம் வரை பொங்காமல், அடிப்பிடிக்காமல் சுண்டி, மேலே மஞ்சளாக ஆடை கட்டும். கேஸை எவ்வளவு சிம்மில் வைத்தாலும் அந்தச் சூட்டுக்கு அது அதிகம். கனமான தோசைக்கல்லைக் கீழே போட்டு அதன் மேல் பால் சட்டியை வைத்தால் ஓரளவு வருகிறது, ஆனால் மணிக்கணக்கில் கேஸ் எரிக்க மனம் வருமா? தயிர் பழைய ருசியில் இல்லை என்று வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம், விட்டுவிட்டோம். மண்சட்டிக் குழம்புக்கு மட்டும் அந்தத் தோசைக்கல் வேலை நன்றாக உதவுகிறது, சட்டி விரிசல் விடுவதில்லை.

வெந்நீர்தான் பணத்தைத் தின்றது. மண் அடுப்பில் காலைச் சமையலோடு சேர்ந்து ஒரு தவலைத் தண்ணீர் தானாகக் காய்ந்துவிடும். அது கணக்கிலேயே வந்ததில்லை. கேஸுக்கு மாறியதும் அதே தவலையைப் பெரிய பர்னரில் ஏற்றினோம், சிலிண்டர் ஓடிய வேகத்தைப் பார்த்து வீட்டுக்காரர் கசிவு என்றே நினைத்துவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால், 25 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கிற பக்கம் கொண்டுபோகக் கிட்டத்தட்ட கால் கிலோ கேஸ் வேண்டும். தினமும் என்றால் மாதத்துக்கு 7 கிலோ. 14.2 கிலோ சிலிண்டரில் பாதி வெந்நீருக்கே போகிறது! பழைய சாமான் கடையில் ஒரு செம்பு பாய்லர் கிடைத்தது, நடுவில் குழாய் வைத்தது. கொல்லையில் வைத்து மட்டை, பாளை, கொட்டாங்கச்சி, மல்லாட்டைத் (நிலக்கடலை) தோல் என்று கிடைப்பதைப் போட்டு எரிக்கிறோம். புகை வீட்டுக்குள் வருவதில்லை. அதற்கப்புறம் சிலிண்டர் இரண்டு பங்கு நாள் வருகிறது. பாத்திரத்துக்கும் அவரைச் செடியின் அசுவினிப் பூச்சிக்கும் சாம்பல் இந்த பாய்லரிலிருந்தே கிடைத்துவிடுகிறது.

விறகையும் கேஸையும் விலையில் ஒப்பிடக் கேட்பவர்களுக்கு: விறகின் சூட்டையும் இரண்டு அடுப்புகளின் திறனையும் வைத்துப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை மண் அடுப்பில் செய்யச் சுமார் 200 கிலோ காய்ந்த விறகு வேண்டும். விறகு விலைக்கு வாங்குகிற வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். சொந்தக் கொல்லையில் கிடைக்கிறது என்றால் கேஸ் செலவுதான், அதை மறைக்க முடியாது. விலையும் நிலையாக இல்லை. சென்னையிலேயே 2023-ல் 1,118 ரூபாய் வரை போனது, 2024 மார்ச்சில் 818-க்கு இறங்கியது, 2025 ஏப்ரலில் மறுபடி 50 ஏறியது. ஏறின மாதங்களில் எங்கள் தெருவில் பல வீட்டு வாசலில் மூன்று கல் கூட்டிய அடுப்பு திரும்ப வந்ததைப் பார்த்தேன்.

உடம்புக்கு என்ன வித்தியாசம்? கண் எரிச்சல் போனது, அது உடனே தெரிந்தது. அத்தையின் இருமல் குறைந்தது, போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஐம்பது வருடப் புகையை ஒரு சிலிண்டர் அழிக்காது. விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்தையும் சேர்த்து நான்கு நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு கேஸ் கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2022-ல் முடிவு வந்தது. பெண்கள் சுவாசிக்கும் புகைத்தூள் நன்றாகவே குறைந்தது, ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. கேஸ் விளம்பரங்களைப் பார்க்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சுவர் வெள்ளையாகவே இருப்பது மட்டும் தினமும் பார்க்கிற சந்தோஷம்.

நான் எதிர்பார்க்காதது கூரை. புகை நின்று இரண்டு மழைக்காலம் போனதும் சமையலறை மூங்கில் வாரைகளில் கீழே மாவு கொட்ட ஆரம்பித்தது. விரலால் தட்டினால் டொக்கென்று காலிச் சத்தம். உளு விழுந்துவிட்டது. பக்கத்து அறையின் வாரைகளும் ஒருபக்கம் போயிருந்தன. கரி படிந்து கறுத்த மூங்கிலைத்தான் அத்தனை வருடமும் பூச்சி தொடாமல் இருந்திருக்கிறது. உளுத்ததை மாற்றி, மீதிக்கு மருந்து அடித்தோம். ஓட்டு வீட்டுக்காரர்கள் கேஸுக்கு மாறும்போதே இதற்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள். பரணில் தொங்கிய சோளக்கதிரும் விதைச் சுரைக்காயும் அதே கதைதான். விதைகளை இப்போது சாம்பலில் புரட்டி டப்பாவில் அடைக்கிறோம்.

நடுவில் இண்டக்ஷன் ஒன்றும் வாங்கினோம். ஏப்ரல், மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது கேஸ் பக்கத்தில் நிற்க முடியாது, ஃபேன் போட்டால் தீ அணைகிறது. அப்போது இண்டக்ஷன் உண்மையிலேயே நிம்மதி. வாங்குவதற்கு முன் ஒரு காந்தத்தை எடுத்துப் பாத்திரங்களின் அடியில் ஒட்டிப் பாருங்கள். எங்கள் வீட்டில் பித்தளையும் அலுமினியமும்தான் அதிகம், எதுவும் ஒட்டவில்லை, புதுப் பாத்திரச் செலவு தனி. 2000 வாட் எடுக்கும், 16 ஆம்பியர் பிளக்கும் தனி ஒயரும் வேண்டும். மாலையில் ஊரில் வோல்டேஜ் இறங்கினால் கத்திவிட்டு நின்றுவிடும். ஒரு இடி மழைக்கு அப்புறம் போர்டு போனது, சரிசெய்யக் கேட்ட தொகை புது அடுப்பு விலையில் பாதி. இப்போது மழை இருட்டினாலே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். கேஸுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி ஒரு கிராமத்து வீட்டை நடத்த முடியாது.

பராமரிப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆரஞ்சு டியூபில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து ஐந்து வருடத்தில் மாற்றினோம். சிலிண்டர் வரும்போது கழுத்து வளையத்தை ஒட்டிய தகட்டில் உள்பக்கம் எழுதியிருப்பதைப் பார்ப்பேன். பி-27 என்றால் 2027 ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் அந்த சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். ஏ என்றால் முதல் மூன்று மாதம், டி என்றால் கடைசி மூன்று. தேதி தாண்டியதைக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பலாம். நான் ஒருமுறை அனுப்பினேன், வண்டிக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார்.

விறகு முழுசாகப் போய்விடவில்லை. ஆடியில் கூழ் காய்ச்சும் பெரிய பானைக்கு வாசலில்தான் அடுப்பு கூட்டுகிறோம். கருவாடு வறுப்பதும் வெளியேதான். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயைச் சுட்டுக் கடைவதற்கு கேஸ் மேல் கம்பி வலை வைத்துப் பார்த்தோம். தோல் கருகியது, உள்ளே வேகவில்லை. பாய்லர் அணையும் நேரத்தில் தணலை இழுத்து அதில் புதைத்தால் சரியாக வருகிறது. மழை நாளில் மட்டும் அந்த பாய்லரைப் பற்றவைப்பது பெரும்பாடு. மேலே ஒரு ஷீட் போட்டுத் தருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார், ஐப்பசிக்கு முன்னால் வந்தால் சரி.