முழு வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபியா, சர்க்யூட்டுக்கு ஒரு ஆர்சிபிஓவா?

எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது விழுந்துவிடாதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விழாது. 16 ஆம்பியர் ‘சி’ வகை எம்சிபி சட்டென்று விழ 80 ஆம்பியராவது பாய வேண்டும். 160 வரைகூடப் போகலாம். 230 வோல்ட் கம்பியைத் தொட்டவர் உடம்பு வழியே போவது பெரும்பாலும் கால் ஆம்பியர்கூட இருக்காது. ஆனால் ஆளைக் கொல்ல அதுவே தாராளம். எம்சிபி காப்பது வயரை. ஆளைக் காக்க, ஃபேஸில் போனதெல்லாம் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று கணக்குப் பார்க்கும் கருவி வேண்டும்.

அந்த வேலையை ஆர்சிசிபியும் செய்யும், ஆர்சிபிஓவும் செய்யும். ஆர்சிசிபிக்குக் கசிவு, அதாவது நியூட்ரலில் திரும்பாமல் எர்த்துக்குப் போகும் கரண்ட், மட்டும்தான் தெரியும். ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட்டுக்கு எம்சிபி தனியாக வேண்டும். ஆர்சிபிஓ இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்திருக்கிறது.

மெயினுக்கு அடுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழும் ஒரு ஆர்சிசிபி போடுவதுதான் செலவு குறைந்த வழி. பழைய வீட்டிலும் ஒரே நாளில் மாட்டிவிடலாம். சிக்கல் பிறகுதான் வரும். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏசி என்று எலக்ட்ரானிக்ஸ் உள்ள சாதனம் ஒவ்வொன்றும் நல்ல நிலையிலேயே துளித்துளியாக எர்த்துக்குக் கசியவிடும். 30 என்று எழுதியிருக்கும் கருவி 15-க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம், தரவிதியே அதை அனுமதிக்கிறது. வீடு முழுக்கச் சேர்ந்த கசிவு ஏற்கெனவே 10-ஐத் தொட்டிருந்தால், மழையில் நனைந்த ஒரு வாசல் விளக்கு போதும், மொத்த வீடும் இருட்டு.

தவறு எங்கே என்று தேடுவதும் லேசில்லை. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பார்கள். ஒற்றைத் துருவ எம்சிபி ஃபேஸை மட்டுமே வெட்டும். வாட்டர் ஹீட்டர் காயிலில் நியூட்ரல் பக்கம் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், அதன் எம்சிபி ஆஃபில் இருக்கும்போதும், வேறு ஏதாவது ஓடினால் ஆர்சிசிபி விழும். “கருவிதான் கெட்டுப்போச்சு” என்று முடிவுகட்டி, அதைத் தாண்டி வயரை நேராக இழுத்துவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஒரே ஆர்சிசிபி ஏற்பாட்டின் மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான்: எரிச்சலில் பைபாஸ் செய்யத் தூண்டுகிறது.

ஆர்சிபிஓவில் அந்தத் தொல்லை இல்லை. ஹீட்டரில் கசிந்தால் ஹீட்டர் மட்டும் போகும், ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். எது விழுந்ததோ அங்கேதான் தேட வேண்டும். விலை கூடுதல்தான். அதைவிடப் பெரிய தடை பழைய வயரிங். ஒவ்வொரு சர்க்யூட்டின் நியூட்ரலும் அதனதன் ஆர்சிபிஓவுக்கே திரும்ப வேண்டும். ஒரு அறையின் ஃபேஸுக்குப் பக்கத்து அறையின் நியூட்ரலைக் கடன் வாங்கி ஓட்டியிருந்தால், சுவிட்சைப் போட்ட நொடியே விழும். கருவி தன் கணக்கில் சரியாகத்தான் இருக்கிறது. வாங்கும்போது நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் இரு துருவ வகையையே கேளுங்கள்.

புது வயரிங் என்றால் யோசிக்க வேண்டாம், ஆர்சிபிஓதான். பழைய வீட்டில், கடன் வாங்கிய நியூட்ரல்களைப் பிரித்தெடுக்க முடிந்தால், இரண்டு ஆர்சிசிபியாகப் பிரிப்பது நல்ல நடுவழி: குளியலறை, சமையலறை, வெளிப்புறம் ஒன்றில், மற்றவை இன்னொன்றில். நியூட்ரல் வயர்கள் வந்து சேரும் பட்டையும் (நியூட்ரல் பார்) இரண்டாக வேண்டும். பிரிக்கவே முடியாது என்றால் ஒரே ஆர்சிசிபி. அதுவும் இல்லாமல் இருக்காதீர்கள்.

அடிக்கடி விழுகிறது என்று 30-ஐக் கழற்றி 100 அல்லது 300 போட்டுத்தரும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. 300 தீ விபத்தைத் தடுக்க. ஆளைக் காக்க அல்ல. தாமதமாக விழும் 100-ஐ மெயினில் வைத்து அதற்குக் கீழே 30 வைத்தால் சரி. 100 தனியாக நின்றால் ஷாக்குக்கு உதவாது.

வகையையும் பாருங்கள். முகப்பில் ஒற்றை அலைக்கோடு மட்டும் இருந்தால் ‘ஏசி’ (மாறு மின்னோட்டம்) வகை. அலைக்கோட்டுக்குக் கீழே அரை அலை மேடுகளும் இருந்தால் ‘ஏ’ வகை. எலக்ட்ரானிக் சாதனங்களிலிருந்து துடிப்பாக வரும் டிசி (நேர் மின்னோட்டக்) கசிவு முதல் வகையின் கண்ணில் படாமல் போகலாம். இன்றைய வீட்டுக்கு ‘ஏ’ தான் பொருத்தம். மின்கார் சார்ஜருக்கு அதுவும் போதாது: சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கண்டறிதல் இருக்க வேண்டும், இல்லையேல் ‘பி’ வகை.

ஆர்சிசிபி, ஆர்சிபிஓ இரண்டாலும் முடியாதது ஒன்று உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தவர், எர்த்துக்குக் கசிவு போகாதவரை, கருவிக்கு இன்னொரு பல்பு மாதிரிதான். எர்த்துக்குக் கசிந்தாலும் ஷாக் அடிக்கவே அடிக்காது என்றில்லை. 150 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 40 மில்லிசெகண்டுக்குள் வெட்டிவிடும், அவ்வளவுதான். எர்த் வயர் இல்லாமலும் இது வேலை செய்யும். ஆனால் எர்த் சரியாக இருந்தால் ஹீட்டர் உடம்பில் கரண்ட் ஏறியதுமே விழும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை காத்திருக்கும். முகப்பில் உள்ள ‘டி’ பட்டன் கருவி விழுகிறதா என்று மட்டுமே சொல்லும், எர்த்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. எர்த்தைத் தனியாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.